குடியொப்பப் பிரேரணைகளும் செலவு மதிப்பீடும்

குடியாட்சி நாடுகளில் வரி விதித்தலும் அவ்வரிப் பணத்தைச் செலவிடுதலும் மக்கட் பிரதிநிதிகள் மன்றத்துக்கே உரியன என்பது நெடுங்கால வழக்கு. ஆண்டுதோறும் நிதியமைச்சர் தம் வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தின் முன் வைக்கின்றார். பாடசாலைக்கு ஒதுக்கிய பணம் கூடினால் வீதிக்கோ வைத்தியசாலைக்கோ ஒதுக்கிய பணம் குறையும் என்பது அத்திட்டத்தின் அடுத்தடுத்த பக்கங்களிற் காணக்கிடக்கின்றது. ஆயின், மக்களே நேராக வாக்களித்துச் சட்டம் ஆக்கும் இடங்களில் இவ்வசதி இல்லை. அங்கு வாக்காளன் கையிற் கிடைப்பது வரவு செலவு ஏடன்று, ஒரு சீட்டு. அச்சீட்டிலுள்ள ஒரு வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடையிறுத்தலே அவன் கடன். தான் வேண்டுவதன் விலை யாது என்பதை அவன் எங்ஙனம் அறிவான்?

இக்குறையைப் போக்கும் பொருட்டுச் சில நாடுகள், மக்கள் முன் வைக்கப்படும் பிரேரணை ஒவ்வொன்றினாலும் அரசுக்கு உண்டாகக்கூடிய செலவு இவ்வளவு, வருவாய் இழப்பு இவ்வளவு என்று முன்னரே கணித்து வெளியிடவேண்டுமென விதித்துள்ளன. விதித்தல் எளிதாயிற்று. கணக்கை யார் செய்வது, எதனை எண்ணி எதனை விடுவது, பின்னர் அது பிழையெனத் தெரியின் யாது செய்வது என்பனவே அரியவாயின. கணக்கின்றி வாக்களித்தலினும் கணக்கோடு வாக்களித்தல் நன்றென்பதில் ஐயமில்லை. எனினும் கணக்கென்ற பெயரால் வருவனவெல்லாம் கணக்காகிவிடா என்பதை இம்முறையின் வரலாறு நன்கு காட்டுகின்றது.

மன்றம் ஆக்கிய சட்டத்தை மக்களின் ஒப்புதலுக்கு விடுதல் குடியொப்பம் எனப்படும். மக்களுள் ஒரு சாரார் கையொப்பந் திரட்டித் தாமே ஒரு பிரேரணையைக் கொணர்தல் மக்கள் முன்மொழிவு எனப்படும். சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சி அரசியல் யாப்பில் முன்னையது 1874ஆம் ஆண்டிலும், யாப்பின் பகுதிகளைத் திருத்தும் வகையிற் பின்னையது 1891ஆம் ஆண்டிலும் இடம்பெற்றன. அங்கிருந்து இம்முறை அமெரிக்காவுக்குச் சென்றது. தென் டகோற்றா மாநிலம் 1898இலும், ஒறிகன் 1902இலும், கலிபோர்ணியா 1911இலும் இதனை மேற்கொண்டன. கலிபோர்ணியாவில் அக்காலத்திற் சட்டமன்றத்தையே தன் கைக்குள் வைத்திருந்ததாகக் கருதப்பட்ட ஒரு பெரும் புகையிரதக் கம்பனியின் செல்வாக்கை முறிப்பதற்கு ஆளுநர் ஹிறம் ஜோன்சன் கண்ட வழி இது. இலங்கையில் நாடு தழுவிய குடியொப்பம் 1982ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் ஒருமுறையே நிகழ்ந்தது. அது பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தல் பற்றியதாகலின் செலவுக் கணக்கென்ற பேச்சு அங்கு எழவில்லை.

செலவு மதிப்பீட்டு முறை செம்மையாக வேரூன்றிய இடம் கலிபோர்ணியா எனலாம். அங்குச் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் என்றொன்று 1941ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. ஆளுநர் அனுப்பும் வரவு செலவுத் திட்டத்தை அவருடைய அலுவலரைச் சாராது ஆராய்ந்து சட்டமன்றத்துக்கு அறிவுரை கூறுதல் அதன் பணி. கட்சிச் சார்பற்றது என்று இரு கட்சியாராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வலுவலகத்திடமே, 1974இல் மக்கள் வாக்கால் நிறைவேறிய ஒரு சட்டம், பிரேரணைகளை நடுநிலையில் விளக்கி நிதிவிளைவுகளையும் எடுத்துரைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. பிரேரணையொன்றைக் கொணர விரும்புவோர் அதனைச் சட்டமா அதிபரிடம் சமர்ப்பித்தவுடன், நிதித் திணைக்களமும் சட்டமன்ற ஆய்வாளரும் கூடி ஒரு மதிப்பீடு செய்வர். அம்மதிப்பீட்டின் சுருக்கம் கையொப்பந் திரட்டும் தாளிலேயே அச்சிடப்படும். போதிய கையொப்பங்கள் சேர்ந்து பிரேரணை தேர்தலுக்கு வந்தபின், வாக்காளர் கைந்நூலில் விரிவான ஆய்வு இடம்பெறும். வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பிரேரணைக்கும் எழுபத்தைந்து சொற்களே உண்டு. அவற்றுள்ளும் சில நிதிவிளைவுக்கென ஒதுக்கப்படும்.

ஆய்வாளரின் நடையைப் பயில்வோர்க்கு முதலில் ஏமாற்றமே உண்டாகும். 'ஆண்டொன்றுக்குப் பல கோடி', 'அளவு அறியப்படாதது', 'பெரும்பாலும் சிறிது' என்றவாறே அவர் எழுதிச் செல்வார். திட்டவட்டமான எண்ணொன்றைச் சொல்லாதது திறமைக் குறைவன்று. சிறைத்தண்டனையைக் குறைக்கும் ஒரு சட்டத்தால் எத்தனை பேர் சிறைக்கு வெளியில் நிற்பர், அவருள் எத்தனை பேர் மீள்வர் என்பது எவர்க்கும் துணியப்படாது. துணியப்படாததைத் துணிந்ததுபோற் கூறுதலினும், எல்லை இன்னது என்று காட்டி நிற்றல் நேர்மை.

இத்துணை முயன்று செய்த மதிப்பீட்டை மக்கள் பொருட்படுத்துவரோ என்று வினவுவோர் 1978ஆம் ஆண்டு யூன் மாதத்துப் பதின்மூன்றாம் பிரேரணையைச் சுட்டுவர். வீடு, காணி ஆகியவற்றின் மீதான ஆதனவரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்றென வரையறுத்தது அது. உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டொன்றில் ஏறத்தாழ 700 கோடி டொலரை இழக்கும் என்று வாக்காளருக்கு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிந்திருந்தும் வாக்களித்தவருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் அதனை ஆதரித்தனர். இதனால் மதிப்பீடு பயனற்றதென்று முடிவு கட்டுதல் பொருந்தாது. மன்றங்களுக்கு இழப்பாகிய அந்த 700 கோடியே ஆதன உடைமையாளருக்கு மிச்சமாகிய 700 கோடி. மாநிலத் திறைசேரியில் அப்பொழுது பெருந்தொகை எஞ்சிக் கிடந்ததும் யாவரும் அறிந்ததே. விலையை அறிந்து வாங்கியவனை ஏமாந்தவன் என்று கூறுதல் முறையன்று. அவன் தெரிவு நமக்கு உவப்பாயினும் உவப்பன்றாயினும் அது அவன் தெரிவே.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் நிகழ்ந்தது வேறு வகையினது. சான்பிரான்சிஸ்கோவையும் லொஸ் ஏஞ்சல்சையும் இணைக்கும் அதிவேகப் புகையிரதப் பாதைக்கென 995 கோடி டொலர் பெறுமதியான முறிகளை விற்றுக் கடன்பெறும் பிரேரணை 2008ஆம் ஆண்டு நவெம்பரில் மக்கள் முன் வந்தது. கடனும் வட்டியுமாக முப்பது ஆண்டுகளில் 1,940 கோடி டொலர் செலுத்தவேண்டும், சராசரியாக ஆண்டுக்கு 64 கோடியே 70 இலட்சம், புகையிரதத்தை நடத்தும் செலவு ஆண்டுக்கு 100 கோடியைக் கடக்கலாம் என்றெல்லாம் மதிப்பீடு கூறிற்று. கணக்கிற் பிழை யாதுமில்லை. ஆயினும் அது கடனின் கணக்கேயன்றிப் பாதையின் கணக்கன்று. முழுத் திட்டத்துக்கும் 4,500 கோடி ஆகுமென அதனை நடத்தும் அதிகாரசபை 2006இல் மதிப்பிட்டிருந்த தொகை கைந்நூலின் உட்பக்கத்தில் இருந்தது. சீட்டில் இருந்தது முறிக் கணக்கு மாத்திரமே. பிரேரணை நிறைவேறியது. பின்னர் அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட பகுதிக்கான மதிப்பீடு மட்டுமே 10,000 கோடி டொலரைத் தாண்டிற்று. சாவிக்கு விலை கேட்டு வீட்டை வாங்கியவாறு இது.

கலிபோர்ணியாவில் கணக்கைச் செய்தவர்மீது எவரும் குறைகூறவில்லை. புளோரிடா மாநிலத்தின் கதை அங்ஙனமன்று. ஒரே திட்டம் முதலில் விலையின்றியும் பின்னர் விலையோடும் ஒரே மக்கள் முன் வந்த அரிய நிகழ்ச்சி அங்குண்டு. 2000ஆம் ஆண்டில், மாநிலத்தின் ஐந்து பெரும் நகர்ப்பகுதிகளையும் மணிக்கு 120 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் செல்லும் வண்டிகளால் இணைக்கவேண்டும், 2003 நவெம்பர் முதலாம் நாளுக்குள் வேலை தொடங்கவேண்டும் என்று மாநில அரசியல் யாப்பையே திருத்தும் முன்மொழிவொன்று நிறைவேறிற்று. சீட்டில் விலை குறிக்கப்படவில்லை. 2004இல் அதனை நீக்கும் முன்மொழிவு வந்தபொழுது, நீக்கினால் முப்பது ஆண்டுகளில் 2,000 கோடி முதல் 2,500 கோடி டொலர் வரை மிஞ்சும் என்ற குறிப்பு உடனிருந்தது. நூற்றுக்கு அறுபத்துநான்கு பேர் நீக்குதலை ஆதரித்தனர். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் ஆளுநரின் எதிர்ப்பும் பிற காரணங்களும் சேர்ந்திருக்குமாதலின், எண்ணொன்றே மக்கள் மனத்தை மாற்றிற்று என்று கூறல் மிகையாகும். எனினும் விலை தெரியாத பொருளை விரும்புதல் எவ்வளவு எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தலரிது.

அவ்விரு தேர்தல்களுக்கும் இடையே ஆசிரியர்கள் சிறப்பாக நோக்கத்தக்க நிகழ்ச்சியொன்று உண்டு. வகுப்பொன்றில் மாணவர் தொகையைக் கீழ்வகுப்புகளில் பதினெட்டு, இடைநிலையில் இருபத்திரண்டு, மேல்வகுப்புகளில் இருபத்தைந்து என 2010ஆம் ஆண்டளவில் வரையறுக்கவேண்டும் என்ற முன்மொழிவு 2002இல் எழுந்தது. அதன் செலவு பெரிதாகும் என அஞ்சிய சட்டமன்றம், நிதிவிளைவுக் குறிப்பொன்றைச் சீட்டிற் சேர்க்கவேண்டுமெனச் சட்டம் இயற்றிற்று. முன்மொழிந்தோர் வழக்குத் தொடுத்தனர். அங்ஙனம் சேர்ப்பதற்கு யாப்பிற் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றமோ, இனிவரும் முன்மொழிவுகளுக்கு நிதிவிளைவுக் குறிப்பு வேண்டும் என்ற திருத்தத்தைத் தானே மக்கள் முன் வைத்திருந்தது. 2002 நவெம்பரில் ஒரே நாளில் இரண்டும் நிறைவேறின: செலவு கூறாத வகுப்பளவுப் பிரேரணை சிறு பெரும்பான்மையாலும், இனிச் செலவு கூறவேண்டும் என்ற பிரேரணை நூற்றுக்கு எழுபத்தெட்டு வாக்காலும். அதே நாளிற் கருவுற்ற பன்றிகளை நெருக்கமான கூட்டில் அடைத்தலாகாது என்ற விதியும் யாப்பினுட் புகுந்தது என்பதையும் குறிப்பிடலாம். அதனால் திறைசேரிக்கு நேர்ந்த பாரம் பெரிதன்று.

ஆயினும் இத்திருத்தத்தில் ஓர் ஓரவஞ்சகம் உண்டு. நிதிவிளைவுக் குறிப்பை அது மக்கள் கொணரும் முன்மொழிவுகளுக்கே கட்டாயமாக்கிற்று. சட்டமன்றம் தானே மக்கள் முன் வைக்கும் திருத்தங்களை விட்டுவிட்டது. பிறர் தராசில் நிற்கவேண்டும், தான் நிற்கத் தேவையில்லை என்ற நிலை இது. சட்டமன்றம் தன் செலவைத் தன் அவையில் ஆராய்ந்திருக்கும் என்று இதற்கு நியாயம் கூறுவர். மன்றம் ஆராய்ந்தது மன்றத்தினருக்கன்றோ தெரியும்? சீட்டை ஏந்தி நிற்பவனுக்கு யார் கொணர்ந்த பிரேரணையாயினும் விலை ஒருபடித்தாகவே வேண்டும்.

குறிப்பை எழுதுவோர் நால்வர்: ஆளுநர் அலுவலகத்தார் ஒருவர், சட்டமன்றத்தின் பொருளாதார ஆய்வுப் பிரிவின் தலைவர், ஈரவைகளையும் சேர்ந்த அலுவலர் இருவர். எதனை எண்ணி எதனை விடுவது என்ற சிக்கல் இவர்கள் கையில் எவ்வாறு உருப்பெற்றது என்பதைக் காட்ட இரு எடுத்துக்காட்டுகள் போதும். ஆகக்குறைந்த கூலியை மணிக்கு 15 டொலராகப் படிப்படியாக உயர்த்தும் முன்மொழிவு 2020இல் வந்தது. 2022இல் 1 கோடியே 60 இலட்சம் டொலரும், 2027 தொடக்கம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 54 கோடி டொலரும் அரசுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் கூடுதற் கூலிச் செலவாகும் என்று குறிப்புக் கூறிற்று. இஃது அரசிடம் வேலை செய்வோர் கூலிக் கணக்கு. கடைகளிலும் உணவகங்களிலும் முதலாளி கூடுதலாகக் கொடுக்கும் பணமும், அப்பணத்தைப் பெறும் தொழிலாளர் குடும்பத்தின் நயமும் எண்ணப்படவில்லை. எண்ணும்படி சட்டமும் பணிக்கவில்லை. அரசின் நிதிக்கு இழப்பு நேருமாயின் வரி உயரவோ சேவைகள் குறையவோ கூடும் என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் அச்சிடவேண்டுமென 2019இற் செய்யப்பட்ட சட்டம் ஒன்றும் உண்டு. அவ்வெச்சரிக்கையைக் கண்டும் நூற்றுக்கு அறுபதின் மேற்பட்டோர் கூலி உயர்வை ஏற்றனர்.

மற்றையது 2024இல் வந்த கருக்கலைப்பு உரிமை பற்றிய முன்மொழிவு. முதலில் எழுதிய குறிப்பு காலங்கடந்ததாகிவிட்டதென வழக்கு எழ, யூலை மாதத்தில் நால்வரும் கூடிப் புதியதொன்றை எழுதினர். பொதுப்பணத்தாற் கருக்கலைப்புக்கு உதவவேண்டி வரலாம், வழக்குச் செலவுகள் நேரலாம் என்றவாறு ஐயப்பாடுகள் அதிற் சேர்ந்தன. எதிர்ப்பாளரின் வாதம் அரசின் கணக்கேடு போற் சீட்டிலேறிவிட்டதென முன்மொழிந்தோர் முறையிட்டனர், நீதிமன்றம் தலையிடவில்லை. ஐம்பத்தேழு விழுக்காடு பெற்றும், யாப்புத் திருத்தத்துக்கு அங்கு வேண்டப்படும் அறுபது விழுக்காடு கிடையாமையால் முன்மொழிவு தோற்றது. பிரேரணையின் நன்மை தீமை பற்றி எக்கொள்கையினராயினும், ஆளுநரும் அவைத் தலைவர்களும் நியமித்தவர் கையிற் கணக்கெழுதும் கோலை ஒப்படைத்தால், கணக்கு மெய்யாயிருப்பினும் ஐயுறப்படும் என்பதை மறுக்கவியலாது.

பிழைபட்ட மதிப்பீட்டுக்குப் பரிகாரம் யாது? கொலறாடோ மாநிலம் 1992இல் யாப்பில் ஏற்றிய ஒரு திருத்தம் இதற்கு விசித்திரமான விடை தருகின்றது. வரியை உயர்த்தும் வினா எதுவாயினும், முதல் முழு ஆண்டில் இத்தனை டொலர் வரி கூடும் என்ற எண்ணோடு, பெரிய எழுத்திலேயே தொடங்கவேண்டும். மதிப்பீட்டைக் கடந்து வருவாய் கிடைத்தால் மிகுதியை மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். 2013இற் கஞ்சா விற்பனைமீது புதிய வரியொன்றை மக்கள் ஏற்றனர். அவ்வரி எதிர்பார்த்தவளவு தரவில்லை. ஆனால் மாநிலத்தின் மொத்த வருவாய் கைந்நூலிற் குறித்த மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது. எனவே வரிப்பணத்தைத் திருப்பும் கடமை எழுந்தது. அதனை அரசே வைத்திருக்கலாமோ என்று 2015இல் மீண்டும் மக்களிடம் கேட்டு, 6 கோடியே 61 இலட்சம் டொலர் பற்றி இசைவு பெற்றனர். இங்கு மதிப்பீடு வெறும் அறிவிப்பன்று, வாக்குறுதி. ஆனால் வருவாய்ப் பக்கத்துக்கே இவ்விறுக்கம். குறைத்துக் கூறிய செலவுக்கு இத்தகைய பிடியில்லை.

இம்முறையின் தாயகமாகிய சுவிற்சர்லாந்தில் விளக்கநூலை எழுதுவது கூட்டாட்சி அரசாங்கமே. அவ்வரசாங்கம் பெரும்பாலும் பிரேரணையை ஆதரிக்கும் அல்லது எதிர்க்கும் ஒரு பக்கமாகவே நிற்கும். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் கம்பனி வரிச் சீர்திருத்தம் ஒன்று குடியொப்பத்துக்கு வந்தது. கூட்டாட்சிக்கு 8 கோடியே 40 இலட்சம் பிராங்கும், கன்டன்கள் எனப்படும் உறுப்பு நாடுகளுக்கு 85 கோடி பிராங்கும் வருவாய் குறையும் என்று விளக்கநூல் கூறிற்று. ஏறத்தாழ இருபதினாயிரம் வாக்கு மிகுதியால், அதாவது 50.5 விழுக்காட்டால், சீர்திருத்தம் நிறைவேறியது. பங்குதாரர் முன்னர் செலுத்திய முதலீட்டைக் கம்பனிகள் வரியின்றித் திருப்பிக் கொடுக்கலாம் என்றதொரு விதி அதில் இருந்தது. 1997 முதலான முதலீடுகளுக்கும் அது பொருந்தும் என்பது அதன் உட்பொருள். அதனால் நேரும் இழப்புப் பற்றி விளக்கநூலில் ஒரு சொல்லேனும் இல்லை. 2011இல் அரசாங்கமே இழப்புப் பல நூறு கோடி பிராங்கென ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசெம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அரசாங்கத்தைக் கண்டித்தது. ஆயின் வாக்கெடுப்பைச் செல்லாததாக்கவில்லை. கம்பனிகள் சட்டத்தை நம்பி ஏற்கெனவே நடந்துகொண்டன, அந்நம்பிக்கையைக் குலைத்தல் தகாது என்பது காரணம். கணக்கிற் கூறிய எண் ஒன்றும் பொய்யன்று. கூறாது விட்டதே பெரும்பிழை. கூறாது விட்டதைத் தண்டிக்கச் சட்டத்துக்கு வழி தெரியவில்லை.

அடுத்த முறை வழி தெரிந்தது. மணமான தம்பதியர், மணமின்றிக் கூடிவாழ்வோரினும் மிகுதியாக வரி செலுத்தும் நிலையை நீக்கவேண்டும் என்ற முன்மொழிவு 2016ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் வாக்குக்கு வந்தது. இந்நிலையாற் பாதிக்கப்படும், இருவரும் உழைக்கும் தம்பதியர் 80,000 என்று அரசாங்கம் கூறியிருந்தது. எண்பதினாயிரவர் பொருட்டு ஏன் வரி வருவாயை இழக்கவேண்டும் என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். கன்டன்களிற் பெரும்பான்மை ஆதரித்தும், மக்களில் 50.8 விழுக்காட்டினர் மறுத்தமையால் முன்மொழிவு வீழ்ந்தது. 2018 யூனில் அரசாங்கம் தன் பிழையை வெளியிட்டது. பிள்ளைகளுள்ள உழைக்கும் தம்பதியர் கணக்கில் விடுபட்டிருந்தனர், பாதிக்கப்பட்டோர் 454,000. ஏறக்குறைய ஆறு மடங்கு. வழக்கு எழுந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாக்கெடுப்பைச் செல்லாததென அறிவித்தது. 1848இற் கூட்டாட்சி அமைந்தபின் நாடளாவிய வாக்கெடுப்பொன்று நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது அதுவே முதன்முறை. 2008இன் பிழைக்கும் இதற்கும் வேறுபாடு யாதெனில், இங்குச் சட்டம் எதுவும் நிறைவேறாமையின் அதனை நம்பி நடந்தோர் எவருமிலர். வாக்கை நீக்குதலால் யாருக்கும் இடர் விளையவில்லை.

பிழையான கணக்கால் வெற்றிபெற்ற சட்டம் நிலைத்து நிற்க, பிழையான கணக்கால் தோற்ற முன்மொழிவுக்கே நீதி கிடைத்தது. அந்நீதியும் முற்றுப்பெறவில்லை. மறுவாக்கெடுப்பு நடைபெறுமுன், 2020ஆம் ஆண்டில், முன்மொழிந்த கட்சி அதனை மீளப் பெற்றுக்கொண்டது. திருத்திய எண்ணைக் கண்டு சுவிஸ் மக்கள் எவ்வாறு வாக்களித்திருப்பர் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.